கிளி சொன்ன முறை

அன்று நிலவின் தென்முனைக் காவல் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: படைத்தலைவர் கர்னல் லிண்ட்க்விஸ்ட், ஸ்வீடன் நாட்டவர். வண்டி ஓட்டுநர் கார்ப்பரல் வைசாலே, பிஜித் தீவுக்காரர். வானொலிப் பொறுப்பில் இருந்த சார்ஜென்ட் குல்னாஸ், கசாக்ஸ்தான். லான்ஸ் நாயக் இளஞ்சேரன், இந்தியா. அவனுடைய தகப்பனார் சுபேதார் தாண்டவராயன், அதே இந்தியா. கசாக்ஸ்தான் சார்ஜென்ட் தெமிர்லான் அறையில் இல்லை. அவன் எங்கே இருந்தான் என்பதுதான் அன்றைய பிரச்சினை. இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. தாமும் உடன் இருந்ததாகப் பின்னாளில் பேட்டி கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அப்போது பூமியில் இருந்தார்கள்.

ஆளுக்கொரு கிளியும் காதில் இருந்தது. அதையும் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. தாண்டவராயன் சேர்க்கமாட்டார்.

தாண்டவராயனின் குடும்பம் ஐந்து தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளை கொடுத்த குடும்பம். முதல் தலைமுறைக்காரர் யாருக்காகச் சண்டை போட்டார் என்று கேட்டால், தின்ற உப்புக்காக என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்பவருக்குக் காபி கிடைக்காது. அந்த வீட்டில் யாரும் பதிவேறும் இடத்தில் பொய் சொன்னதில்லை, கூன் போட்டு நின்றதில்லை, முறை தவறிப் பெண் எடுத்ததும் கொடுத்ததும் இல்லை. இந்த மூன்றும் அவருக்கு முதுகெலும்பு மாதிரி. மருத்துவர்கள் சொல்லும் முதுகெலும்பு அவருக்கு இரண்டாம் பட்சம்.

நான்கு நாட்டுக் கூட்டணிப் படை அங்கே காத்தது பனிக்கட்டியை. ஒருபோதும் வெயில் படாத நிழற்குழிகளில் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கிறது. அதை யாரிடமிருந்து காப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எதிரியை அறிவிக்கும் வரை நண்பர்களாக இருக்கும்படி உத்தரவு. நண்பர்களாக இருப்பதற்கு ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரிய வேண்டும். அதற்குத்தான் கிளி.

பெயர் பட்டாளத்துப் பையன்கள் வைத்தது. காதுக்குள் பொருத்திய மொழிபெயர்ப்புப் பொறி. யார் எந்த மொழியில் பேசினாலும் அது கேட்பவனின் மொழியில் சொல்லும். அதன் தமிழ், நாடக மேடையில் ராஜா வேஷக்காரன் பேசும் தமிழ். போதாததற்கு மாதம் ஒருமுறை, எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்காரரோடு எவ்வளவு அன்பாகப் பேசினார் என்று கணக்கிட்டு, ஒலிபெருக்கியில் தோழமை மதிப்பெண் அறிவிக்கும். கூட்டணி நலனை முன்னிட்டு, வசைச் சொற்களை வழியிலேயே பதமாக்கி, இனிமையாக்கி அனுப்பும்படி அதற்குக் கட்டளை இருந்தது. இது தாண்டவராயனுக்குத் தெரியவந்தது முதல் அணிவகுப்பில்.

கர்னல் லிண்ட்க்விஸ்ட் அன்று சவரம் செய்யாத முகத்தோடு, கைகளைப் பையில் விட்டுக்கொண்டு வந்து நின்றார். தாண்டவராயன் வாய்க்குள்ளேயே சொன்னார்: "இதெல்லாம் ஒரு கர்னலா? எங்க ரெஜிமென்ட்டுல மோப்ப நாய் இதைவிட நிமிர்ந்து நிக்கும்."

கர்னல் திரும்பிப் பார்த்தார். கண்கள் பனித்திருந்தன. வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளி சொன்னது: "நன்றி, சுபேதார் அவர்களே. நாய்களிடத்தில் எனக்கும் அளவற்ற அன்பு உண்டு."

அந்த மாதம் தோழமை மதிப்பெண்ணில் தாண்டவராயன் முதலிடம். அடுத்த மாதமும் அவரே. தனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் அவர் செலவழித்துக்கொண்டிருந்தார். ஸ்வீடன் நாடு நெகிழ்ந்துகொண்டிருந்தது.

தொல்லை ஆரம்பித்தது மெஸ்ஸில், உப்புப் புட்டியில்.

இளஞ்சேரனும் தெமிர்லானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேசையில் தாண்டவராயன். மகன் கையை நீட்டி, "மச்சான், அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றான்.

தெமிர்லானின் கை பாதி வழியில் நின்றது. அவன் ஒட்டகம் போன்ற நிதானமான ஆள், அகன்ற முகம், எதையும் மென்று முடித்த பிறகே பேசுவான். மென்று முடித்தான்.

"என்னைச் சகோதரியின் கணவர் என்று அழைத்தீர்கள்" என்றது கிளி அவன் சார்பில். "எனக்கு மணமான செய்தியை எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையே. பெண் எப்படி?"

பிஜிக்காரன் வைசாலே வாயில் இருந்த சூப்பை மேசையில் தெளித்துவிட்டான். இளஞ்சேரன் சிரித்தான். "அது சும்மா ஒரு பேச்சு, மச்சான்."

"மறுபடியும் சொன்னார்" என்றான் தெமிர்லான். பிறகு எழுந்து, தாண்டவராயன் பக்கம் திரும்பி, வலக்கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தான். "மாமனாரே, தாங்கள் உண்ணும்போது நான் அமர்ந்திருந்தது பிழை."

அன்று முதல் அவன் விடவில்லை. அவர்கள் நாட்டில் அக்காள் புருஷனும் மைத்துனனும் ஒருவரையொருவர் கேலி செய்வது உரிமையாம். மாமனாருக்கு முன்னால் பணிவாக இருப்பது கடமையாம். இரண்டையும் முழு மூச்சாகச் செய்தான். அவர்கள் வசந்தப் பண்டிகைக்கு ராணுவம் ஆட்டுத்தலை அனுப்பியது. நிலவில் ஆடு ஏது, சோயாவை ஆட்டுத்தலை வடிவில் வார்த்து, கண்ணுக்கு இரண்டு மிளகு வைத்திருந்தார்கள். தெமிர்லான் அதைத் தட்டில் ஏந்தி வந்து தாண்டவராயன் முன்னால் வைத்தான். தலை பெரியவருக்கு. சோயாக் காதை மட்டும் அறுத்து இளஞ்சேரனிடம் கொடுத்தான்.

"காது இளையவருக்கு. பெரியவர் சொல்வதைக் கேட்டுப் பழகட்டும்" என்றது கிளி.

அதுவரை சரி. காது விஷயத்தில் தாண்டவராயனுக்கும் உடன்பாடுதான். ஆனால் தலையைத் தின்றுகொண்டிருந்தபோது தெமிர்லான் கேட்டான்: "தாங்கள் எத்தனை பாட்டன்மார் பெயரை அறிவீர்கள்?"

தாண்டவராயன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு ஐந்து பெயரைச் சொன்னார், பதவியோடு.

தெமிர்லான் காத்திருந்தான். "பிறகு?"

"பிறகு என்ன பிறகு? அதுக்கு முந்தி யாரும் பட்டாளத்துல சேரல."

"எங்களில் ஏழு பாட்டன்மாரை அறியாதவன் அறிவிலி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தெமிர்லான் ஏழு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னான். பெயர்களைக் கிளி மொழிபெயர்க்கவில்லை, அப்படியே விட்டது. ஆறாவது பாட்டன் எசிம்பெக். ஏழும் தாண்டவராயன் மனதில் பதிந்துவிட்டன; அந்தப் பெயர் முள்ளாகவே தைத்தது.

"ஏழு எதற்கென்றால், ஏழு தலைமுறைக்குள் ஒரே இரத்தத்தில் பெண் எடுக்கக் கூடாது. தங்கள் துணைவியார் எந்தக் குலம்?"

"என் சொந்தத் தாய்மாமன் மக."

கிளி, "பொருள் தெளிவாக இல்லை; மீண்டும் கூறவும்" என்றது. அவர் மீண்டும் கூறினார். தெமிர்லான் முகத்தில் தோன்றியது இரக்கம். கிளியால் வார்த்தையைத்தான் மாற்ற முடியும், முகத்தை மாற்ற முடியாது.

"ஏன், ஊரில் வேறு பெண்களே இல்லையா?"

தாண்டவராயன் கரண்டியைக் கீழே வைத்தார். "முறைப்பொண்ணுடா அது. உரிமை. உன்னை மாதிரி மலைக்கு மலை அலைஞ்சு பொண்ணு தேடற குடும்பம் இல்ல எங்களது."

"மலைகளை நீங்களும் விரும்புவது மகிழ்ச்சி" என்றான் தெமிர்லான்.

மாதக் கடைசியில் ஒலிபெருக்கி வழக்கம்போலத் தோழமை மதிப்பெண் அறிவித்தது. முடிவில் ஒரு வரி புதிதாக இருந்தது. "இந்தியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் இடையே மண உறவு மலர்ந்திருப்பதைக் கூட்டணி மகிழ்ச்சியுடன் வரவேற்கிறது. மணமகள்: சுபேதார் தாண்டவராயன் அவர்களின் மகள் பூங்கோதை."

இளஞ்சேரனுக்கு இருப்பது ஒரே அக்கா. கிளி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டது.

தாண்டவராயன் அடுத்த நிமிஷம் கர்னல் அறையில் நின்றார். கர்னல் காலை மேசைமேல் போட்டிருந்தார். இவரைப் பார்த்து இறக்கினார்.

"வசைச் சொற்களைக் கிளி மாற்றும்" என்று விளக்கினார். "உறவுச் சொற்களை மாற்றாது. உறவு என்பது தகவல். உங்கள் மகன் பன்முறை அவ்வாறே அழைத்திருக்கிறார். ஒருமுறைகூடத் திருத்தவில்லை."

"எங்க ஊர்ல டீக்கடையில கிளாஸ் கழுவுறவன்கூட வர்றவன் போறவன் எல்லாரையும் மச்சான், மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவான். அதுக்கெல்லாம் அர்த்தமே கிடையாது."

"அவருக்குச் சகோதரிகள் அதிகம் போலும்."

தாண்டவராயன் பல்லைக் கடித்தார். "உறவை இவ்வளவு அக்கறையா ஏன் குறிச்சு வைக்கணும்?"

"உறவு விலக்குக்காக. ஒவ்வொரு நாட்டின் வண்டியும் பிராணவாயுவும் அந்த நாட்டுக்கே உரியவை. வேற்று நாட்டு வீரருக்காக வண்டியை எடுக்க நான்கு தலைநகரங்களும் ஒப்ப வேண்டும். உறவினருக்காக என்றால் கேட்க வேண்டியதில்லை."

"தோளோடு தோள் நிக்கணும்னு காலையில பாட்டுப் பாடச் சொல்றீங்களே?"

"தோள் அவரவருடையது. பிராணவாயு அரசாங்கத்தினுடையது."

"அப்ப உறவுக்கு மட்டும் எதுக்கு விலக்கு?"

கர்னல் நேர்மையானவர், அந்தக் குறை அவரிடம் இருந்தது. "ஒப்பந்தத்தை எழுதியவர்களில் இருவரின் பிள்ளைகள் படையில் சேர இருந்தார்கள்" என்றார்.

உறவை அழிக்கும்படி தாண்டவராயன் கேட்டார். அழிக்கவும் நான்கு தலைநகரங்கள் ஒப்ப வேண்டும். அதுவரை நிறுத்தி வைப்பதாகக் கர்னல் சொன்னார். குடும்பத் தலைவர் தம் வாயால் உறுதி செய்தால் ஒழிய அது இனி செல்லாது.

வெளியே வந்து மகனைப் பிடித்தார். "ஏன்டா, ஊர்ப்பட்ட வார்த்தை இருக்கும்போது அவனை ஏன் அப்படிக் கூப்பிட்ட?"

"பட்டாளத்துப் பழக்கம், சாப்." பணியில் இருக்கும்போது அப்பா என்று அழைக்க அவர் அனுமதித்ததில்லை. மகன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இனிமே சார்ஜென்ட்னு கூப்பிடு."

"சரி, சாப்."

பையன் மற்றபடி ஒழுங்கானவன். தனக்கு ஓய்வு இருக்கும்போதெல்லாம் வானொலி அறையில் போய் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டான். கிளியைக் கழற்றி வைத்துவிட்டு, குல்னாஸிடம் கசாக் மொழியைச் சொந்தக் காதாலேயே கேட்டுப் பழகினான். எந்திரத்தை நம்பாத அந்தக் குணம் தன்னிடமிருந்து வந்தது என்று தாண்டவராயன் உள்ளூரப் பெருமைப்பட்டதுண்டு.

நிழற்குழி ஒன்றின் விளிம்பில் கம்பம் நட்டு விளக்குக் கட்டும் வேலை கசாக்ஸ்தானுக்கு விழுந்தது. தெமிர்லான் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். விளிம்பு பார்வைக்குப் பாறை. தொட்டால் பொரி உருண்டை. வண்டியோடு சரிந்து குழிக்குள் போய்விட்டான். கால் வண்டிக்கு அடியில். உயிர் இருந்தது, பேச்சு இருந்தது, முதுகில் கட்டிய பிராணவாயு குறைந்துகொண்டிருந்தது.

இப்படியாகத்தான் முதலில் சொன்ன ஐந்து பேரும் கட்டுப்பாட்டு அறையில் கூடினார்கள்.

கசாக்ஸ்தானின் ஒரே வண்டி தெமிர்லான் மேல் கிடந்தது. ஸ்வீடன் வண்டியைப் பழுது பார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிஜிக்கு ஓட்டுநர் உண்டு, வண்டி கிடையாது. கூட்டணியில் அதுதான் அவர்கள் பங்கு. இந்திய வண்டி, தாண்டவராயனின் வண்டி, துடைத்து, எண்ணெய் போட்டு, மின்சாரம் நிரப்பி வாசலில் நின்றது. அதன் பூட்டு சாவிக்குத் திறக்காது, கிளிக்குத்தான் திறக்கும். கிளி ஒப்பந்தத்தைப் படித்திருந்தது.

கர்னல் நான்கு தலைநகரங்களையும் கேட்டார். ஒன்றில் விடுமுறை. ஒன்று, எந்தக் குழி என்று வரைபடம் கேட்டது. ஒன்று, தன் முடிவை மற்ற மூன்றும் முடிவெடுத்த பிறகு தெரிவிப்பதாகச் சொன்னது. நான்காவது சுறுசுறுப்பானது; இரங்கல் செய்தியின் வரைவையே முன்கூட்டி அனுப்பிவைத்தது.

குல்னாஸ் வானொலிக் கருவியை விட்டு எழுந்து வந்தாள். தெமிர்லான் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். அதுவரை தாண்டவராயனுக்கு அவள் வானொலிக் குரல். குரலுக்கு அண்ணன் தம்பி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை.

"நான் உறவுதான்" என்றாள். "எனக்கு விலக்கு உண்டு. வண்டிதான் இல்லை." கிளி அதை ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னது. அவள் முகம் அப்படி இல்லை.

கர்னல் தாண்டவராயனைப் பார்த்தார். வைசாலே பார்த்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது கிளிதான், ஐந்து காதிலும் ஒரே நேரத்தில்: "நிறுத்தி வைக்கப்பட்ட உறவு ஒன்று உள்ளது. சார்ஜென்ட் தெமிர்லான் தங்களுக்கு என்ன முறை? குடும்பத் தலைவர் தம் வாயால் கூறலாம். பதிவு செய்யப்படும்."

"அப்பா" என்றான் இளஞ்சேரன். பணி நேரம் என்பதை மறந்துவிட்டான். "ஒரே ஒரு வார்த்தைப்பா."

"வார்த்தையாடா அது? உங்க அக்கா பேருடா."

நான்கு நாட்டு ஆவணத்தில் ஏறும். ஊருக்குப் போகும். பங்காளிகள் திண்ணையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். ஐந்து தலைமுறையில் யாரும் பதிவேறும் இடத்தில் பொய் சொன்னதில்லை. சொல்வதற்கென்று இத்தனை தூரம் நிலவுக்கு வந்து, அதையும் மகள் பெயரில் சொல்வதா? அதுவும் யாருக்காக? தன் கல்யாணத்தைக் கேட்டு முகம் சுளித்தவனுக்காக. ஒலிபெருக்கியில் தெமிர்லானின் மூச்சு கேட்டது. இடையிடையே எதையோ முணுமுணுத்தான். கிளி அதை மொழிபெயர்க்கவில்லை. ஆகவே அவை பெயர்கள்.

அப்போதுதான் தாண்டவராயனுக்கு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் ஞாபகம் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவனை மரியாதையோடு நினைத்தார். அர்த்தமே கிடையாது என்று தான் வாதாடிய வார்த்தை. அர்த்தம் இல்லாத ஒன்றைச் சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்?

குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார்.

"மாப்பிள்ளைதான்" என்றார்.

"மருமகன். பதிவாயிற்று" என்றது கிளி. வாசலில் வண்டியின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

வைசாலே ஓட்டினான். ஒரு நாட்டு வண்டியை இன்னொரு நாட்டான் ஓட்டலாமா என்று கிளி கேட்டது. அவன் தன் மொழியில் ஒரு பதில் சொன்னான். "ஓட்டுநர் தங்களை வாழ்த்துகிறார்" என்று கிளி தெரிவித்தது. குழி விளிம்பிலிருந்து எட்ட நிறுத்தி, வண்டியின் வின்ச் இழுவைக் கம்பியில் இளஞ்சேரனைக் கட்டி இறக்கினார்கள். கம்பியைத் தாண்டவராயன் பிடித்துக்கொண்டார். கீழே ஒரே இருட்டு. மகனின் தலைவிளக்கு பொட்டுப் போலப் போய்க்கொண்டிருந்தது.

தெமிர்லானுக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. பிராணவாயு குறைந்தால் வரும் தூக்கம், வந்தால் போகாது.

"டேய், கண்ணை மூடினே, கொன்னுடுவேன்" என்று தாண்டவராயன் வானொலியில் கத்தினார்.

"தங்கள் கனிவுக்கு நன்றி" என்றது தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். "நானும் தங்களுக்கு இனிய ஓய்வை..."

கிளி தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. "ஏம்மா குல்னாஸ், அந்தச் சனியனை முதல்ல நிறுத்து. அவன் காதுலயும் நிறுத்து, என் காதுலயும் நிறுத்து."

நிலையத்தில் இருந்தபடியே அவள் நிறுத்தினாள். காதில் மூச்சு மட்டும் மிஞ்சியது. தாண்டவராயன் ஆரம்பித்தார். ஸ்வீடனுக்காகச் சேமித்து வைத்திருந்தது, ஒப்பந்தம் எழுதியவர்களுக்காகச் சேமித்து வைத்திருந்தது, மகனுக்குக் கல்யாணமாகும் வரை சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது, எல்லாவற்றையும் இறக்கினார். ஒரு சொல்லும் பதமாகாமல் நேராகப் போய்ச் சேர்ந்தது. கீழே தெமிர்லான் சட்டென்று விழித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ உறுமினான். அதுவும் நேராக வந்து சேர்ந்தது. அகராதி தேவைப்படவில்லை.

உறுமல் தேய்ந்தது. தாண்டவராயனுக்கு வேறு வழி தோன்றவில்லை. ஏழு பாட்டன்மாரின் முதல் பெயரைச் சொன்னார். தெமிர்லான் இரண்டாவதைச் சொன்னான். இவர் மூன்றாவது. அவன் நான்காவது, திக்கித் திக்கி. இவர் ஐந்தாவது. ஆறாவது வரவில்லை.

"எசிம்பெக்" என்றார் தாண்டவராயன். "எசிம்பெக்டா, அறிவிலி. உன் ஆறாவது பாட்டன். மறந்துட்டியா?"

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. ஏழாவது பெயர் வந்தது. அதோடு இளஞ்சேரனின் குரலும்: "பிடிச்சுட்டேன்பா. புது ஆக்சிஜன் குழாய் மாட்டி, காலையும் வண்டிக்கு அடியிலேருந்து எடுத்துட்டேன். மச்சானை மேல இழுங்க."

அந்த நேரத்தில் அவர் அதைத் திருத்தவில்லை.

இரண்டு விரலும் ஒரு கால் எலும்பும் போனது தவிர தெமிர்லான் முழுசாகப் பிழைத்தான். மருத்துவக் கூடத்தில் பார்க்கப் போனபோது எழ முயன்றான். "மாமனாரே" என்றது கிளி.

"மாமனாரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. படு."

"தாங்களும் நலமாக வாழ்க" என்று சொல்லிவிட்டு, அவன் தன் காதிலிருந்து கிளியைக் கழற்றித் தலையணைமேல் வைத்தான். அவர் காதைக் காட்டினான். அவரும் கழற்றினார். அவன் கசாக் மொழியில் நீளமாக ஏதோ சொன்னான். அவர் தமிழில், சாப்பாட்டில் உப்பே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதத் தோழமை மதிப்பெண்ணில் இருவருக்கும் பூஜ்யம். கிளி எதையும் கேட்கவில்லை அல்லவா.

பூமிக்குத் திருமண வாழ்த்து முந்திப் போயிருந்தது. அடுத்த அழைப்பில் பூங்கோதை திரையில் வந்தாள். ரயில்வேயில் பாலம் கட்டும் பொறியாளர். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் பாதிப் பாலம். நிலவுக்கும் பூமிக்கும் இடையில் பேச்சு கொஞ்சம் தாமதித்து வரும். அந்தத் தாமதம் தாண்டவராயனுக்கு மிகவும் நீளமாக இருந்தது.

"அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே. சித்தப்பா ஃபோன் பண்ணி வாழ்த்துறாரு. நான் சைட்ல கான்கிரீட் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் விறைப்பாக நின்று நடந்ததைச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஆளு பிழைச்சுட்டாரா?"

"பிழைச்சுட்டான்."

"அப்ப சரி. இதை எப்ப ரத்து பண்ணுவாங்க?"

"நாலு தலைநகரமும் ஒத்துக்கணும்."

"அதுவரைக்கும் மாப்பிள்ளை பார்க்கிறேன்னு யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்க இல்ல?"

"எப்படிம்மா வருவாங்க?"

"அப்ப அவசரம் இல்லப்பா. மெதுவாவே ஒத்துக்கட்டும்." சிரித்தாள். "தம்பி எப்படி இருக்கான்?"

"வானொலி கத்துக்கிறான். கசாக் மொழிகூட. காதுல கிளி இல்லாமலே பேசுறான்."

"அப்படியா?" என்றாள் பூங்கோதை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அது தாமதம் என்று அவர் நினைத்தார். பிறகு தொப்பி கழன்று விழும் அளவுக்குச் சிரித்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பெற்ற பெண் சிரிப்பதற்குக் காரணம் கேட்பது கௌரவமல்ல.

படை பூமிக்குத் திரும்பிய அடுத்த வருஷம், கசாக்ஸ்தானிலிருந்து ஒரு குடும்பம் தாண்டவராயன் வீட்டுக்கு வந்தது. ஊன்றுகோலோடு தெமிர்லான், அவனுடைய தகப்பனார், இரண்டு பெரியப்பாக்கள். தெருவே ஜன்னலில் நின்றது. யாருக்கும் கிளி இல்லை. இளஞ்சேரன் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான், வசவையும் பதமாக்காமல். தெமிர்லானின் தகப்பனார், உட்காருவதற்கு முன்பே, பாட்டன்மார் பெயரைக் கேட்டார். தாண்டவராயன் ஏழு பெயர் சொன்னார். கூடுதல் இரண்டு பெயரை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பது நாகரிகமல்ல, அவர்கள் கேட்கவில்லை. இரு பக்கமும் ரத்தம் எங்கும் கலக்கவில்லை என்று தெளிவானதும், வந்தவர்கள் சீராகக் கொண்டுவந்த குதிரைச் சேணத்தைக் கூடத்தில் வைத்தார்கள். குதிரையை விமானத்தில் ஏற்ற அனுமதிக்கவில்லையாம்.

இதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒரு பேச்சு கிளம்பி இன்றுவரை ஓயவில்லை. எந்திரம் தவறிப் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல், பதிவில் சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக, சுபேதார் தன் மகள் பூங்கோதையை வேற்று நாட்டுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார் என்பது அந்தப் பேச்சு. அவர் நிலவில் பொய் சொன்னார் என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

அது தவறு. பூங்கோதைக்குத் திருமணம் ஆகவில்லை. பதிவை ரத்து செய்ய நான்கு தலைநகரங்களும் இன்னும் ஒப்பவில்லை. திருமணம் நடந்தது இளஞ்சேரனுக்கும் குல்னாஸுக்கும். மனைவியின் அண்ணனை மச்சான் என்று அழைப்பதும், மகனின் மச்சானை மாப்பிள்ளை என்று அழைப்பதும் முறைதான். அந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை.